பஸ்ஸில் நடந்ததை யாரிடம் சொல்வது?



போன மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு உறுப்பினர் மட்டும் கிளம்பாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கடன் விஷயமாக ஏதோ கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "எம்மவ ஒரு வாரமா காலேஜுக்குப் போகலக்கா. வயித்துவலின்னு படுத்துக் கெடந்தா. நேத்துதான் வாயத் தொறந்தா. பஸ்ஸுல ஒருத்தன் தெனமும் பின்னால வந்து நிக்கானாம், கை வைக்கானாம். அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாவ. நான் என்ன செய்யணும்?"

அங்கே இருந்த நாங்கள் நாலைந்து பேர் ஆளுக்கு ஒன்று சொன்னோம். "வேற பஸ்ஸுல போகச் சொல்லு" என்றார் ஒரு அக்கா. "ஆள் வச்சு ரெண்டு சாத்து சாத்துனா சரியாப் போவும்" என்றார் இன்னொரு மைனி. "எதுக்கு வம்பு, காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பாரு" என்றும் ஒருவர் சொன்னார். நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. வங்கி மேனேஜரிடம் போய் லட்சக்கணக்கில் கடன் கேட்டு வாங்கிய நமக்கு, இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

நம்ம பக்கத்தில் பஸ்ஸை விட்டால் வேறு வழி கிடையாது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே கிளம்ப வேண்டும். புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் பக்கத்துப் பெண்கள் மீன் கூடையோடு ஏறுவார்கள். சாகுபுரத்தில் ஆலை ஷிப்டு மாறும் நேரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று பள்ளிக்கூடம், காலேஜ் போகும் நேரம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். 2021 மே மாதத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. அதனால் வேலைக்குப் போகும் பெண்கள் கூடியிருக்கிறார்கள், கூட்டமும் கூடியிருக்கிறது. கந்தசஷ்டி, மாசித் திருவிழா சமயத்தில் கேட்கவே வேண்டாம். கூட்டத்தில் தெரியாமல் இடிப்பது வேறு, வேண்டுமென்றே இடிப்பது வேறு. எது எது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அதை நிரூபித்துக் காட்டு என்று கேட்கும்போதுதான் வாயடைத்துப் போகிறோம்.

முதலில் வீட்டில்

பிள்ளை வந்து சொன்னதும் நம் வாயில் முதலில் வருவது என்ன? "நீ ஏன் அந்தப் பஸ்ஸுல ஏறுன?" "துப்பட்டாவ ஒழுங்காப் போட்டிருந்தியா?" "சிரிச்சுப் பேசுனியா?" நாமும் பயத்தில்தான் கேட்கிறோம், கோபத்தில் இல்லை. ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரி விழும். அடுத்த தடவை இதைவிடப் பெரிதாக எதுவும் நடந்தால்கூட நம்மிடம் சொல்லாது.

"நீ எங்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு. உம்மேல தப்பில்ல." இந்த இரண்டு வார்த்தை முதலில் போதும். உடனே அப்பாவிடமோ அண்ணனிடமோ ஓட வேண்டாம். யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளையையே கேளுங்கள். படிப்பை நிறுத்துவது, வேலையை விடச் சொல்வது, அவசரமாக மாப்பிள்ளை தேடுவது எல்லாம் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறோம். தப்புச் செய்தவன் அதே பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போகிறான், நம்ம பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

சில பிள்ளைகளுக்குப் பல நாள் தூக்கம் வராது. சாப்பிடாது, திடீரென்று அழும், குளித்துக்கொண்டே இருக்கும். திருஷ்டி, பயந்த கோளாறு என்று விட்டுவிடாமல் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். மன நலத்துக்கான இலவச அரசு எண் அது, தமிழிலேயே பேசுவார்கள்.

அன்றைக்கே எழுதி வையுங்கள்

நம்ம குழுவில் பத்து ரூபாய் சந்தா வந்தாலும் நோட்டில் ஏற்றாமல் விடுவதில்லை. தீர்மானம் எழுதாமல் கடன் கொடுப்பதில்லை. ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் எதையும் எழுதுவதே கிடையாது. மறக்கத்தான் பார்க்கிறோம். மூன்று மாதம் கழித்து ஸ்டேஷனில் "என்றைக்கு நடந்தது? எத்தனை மணி? எந்த பஸ்?" என்று கேட்டால் முழிக்க வேண்டியிருக்கிறது.

தேதி, கிழமை, நேரம், எந்த நிறுத்தத்தில் ஏறினது, எந்த இடத்தில் நடந்தது, வண்டி எண், அவன் என்ன செய்தான், என்ன பேசினான், ஆள் எப்படி இருந்தான், சட்டை என்ன நிறம், பக்கத்தில் யார் இருந்தார்கள், கண்டக்டரிடம் சொன்னோமா, அவர் என்ன சொன்னார். இதெல்லாம் ஒரு தாளில் அன்றைக்கே எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு எழுதலாம். கட்டணமில்லா டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். மெஷினில் அடித்த டிக்கெட்டாக இருந்தால் தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும். நாம் அந்தப் பஸ்ஸில் இருந்தோம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? துணி கிழிந்திருந்தாலோ கறை பட்டிருந்தாலோ துவைக்காமல் ஒரு காகிதப் பையில் மடித்து வையுங்கள். காயம் இருந்தால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். போனில் அசிங்கமாக மெசேஜ் அனுப்பியிருந்தால் அருவருப்பில் அழித்துவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இதைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதக் கூடாது. அந்த நோட்டை வங்கியில் பார்ப்பார்கள், ஆடிட் செய்பவர் பார்ப்பார், நாளைக்கு வரும் புது உறுப்பினரும் புரட்டுவார். பிள்ளையின் பெயர் அதில் ஏறக் கூடாது.

ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பின்னால் வருகிறான் என்றால், ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு எழுதுவது இன்னும் முக்கியம். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்ந்து பின்தொடர்வது தனிக் குற்றம். "அடிக்கடி வருவான்" என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட, ஆறு தேதி எழுதிய ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் நடந்தது

இந்த விஷயத்தில் இந்தியா முழுமைக்கும் வழி சொன்ன ஒரு தீர்ப்பு, நமக்குப் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவத்தில் இருந்து வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் இப்போதுதான் தெரிந்தது.

1999 ஜூலை 9. குற்றாலத்தில் சீசன் நேரம். தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் கணவனோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் ஒருவர் குடிபோதையில் தவறாக நடந்துகொண்டார். அவர் வேறு யாருமில்லை, சீசன் பந்தோபஸ்துக்கு வந்த ஆயுதப்படை போலீஸ்காரர். பாதுகாப்புக்கு வந்தவரே இப்படி! கணவனும் மனைவியும் பயந்து ஒதுங்கிவிடவில்லை, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். ஒரு பக்கம் குற்ற வழக்கு, இன்னொரு பக்கம் போலீஸ் துறையின் உள் விசாரணை என்று இரண்டும் நடந்தன.

துறை விசாரணையில், சம்பவத்தின்போது அங்கே இருந்த போலீஸ்காரர்கள் தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். குற்றச்சாட்டு நிரூபணமானது. 2000 ஜனவரியில் அந்தப் போலீஸ்காரர் வேலையில் இருந்து நீக்கப்பட்டார்.

குற்ற வழக்கு வேறு மாதிரிப் போனது. புகார் கொடுத்த கணவனும் மனைவியும் கோர்ட்டில் பிறழ் சாட்சியாகிவிட்டார்கள். அவர்களே மாறிவிட்டார்களே என்று மற்ற முக்கியமான சாட்சிகளை அரசுத் தரப்பு விசாரிக்கவே இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவரை விடுதலை செய்துவிட்டது கோர்ட். "கோர்ட்டே விட்டுவிட்டது, அதனால் வேலையைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அவர் வழக்குப் போட, உயர் நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது. 2012 நவம்பர் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா இருவரும், சாட்சி மாறியதால் கிடைத்த விடுதலையைக் காட்டி வேலையைத் திரும்பக் கேட்க முடியாது, வேலைநீக்கம் சரியே என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நடந்த சில நிமிஷத்துக்கு 13 வருஷம்!

அந்தக் கணவனும் மனைவியும் ஏன் மாறினார்கள் என்று நாம் குறை சொல்ல வேண்டாம். எதிரில் நிற்பது ஒரு போலீஸ்காரர். கோர்ட்டுக்கு அலைய வேண்டும், கூலி போகும். அவர்களுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள்? ஒரு பதினைந்து பெண்கள் வாய்தாவுக்கு வாய்தா கூடப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதைப் படித்ததில் இருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். வேலைநீக்கம் நிலைத்ததும், பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன சிலர் இருந்ததால்தானே.

அந்தத் தீர்ப்போடு உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சில உத்தரவுகளைப் போட்டது. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், கடற்கரை, கோயில் போன்ற இடங்களில் மப்டியில் பெண் போலீஸ் நிற்க வேண்டும், கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. நமக்கு மிகவும் வேண்டியது இதுதான்: பஸ்ஸுக்குள் இப்படி நடந்தால், பாதிக்கப்பட்ட பெண் சொன்னதும் டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸை அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போய்த் தகவல் கொடுக்க வேண்டும். செய்யத் தவறினால் அந்த வண்டியின் பெர்மிட்டையே ரத்து செய்ய வேண்டும். பயணி செய்தாலும் சரி, வண்டியில் வேலை பார்ப்பவரே செய்தாலும் சரி. "எல்லாருக்கும் நேரமாகுது, எறங்கிப் போய்ப் பேசிக்கோங்கம்மா" என்று கண்டக்டர் சொன்னால், "ஸ்டேஷனுக்கு ஓட்டச் சொல்லி சுப்ரீம் கோர்ட் ஆர்டர் இருக்கு" என்று தைரியமாகச் சொல்லுங்கள். நாலு பெண்கள் சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த வாலிபர்கள் செய்த வம்பில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். தமிழ்நாடே கொதித்தது. அந்த வருஷமே ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. பிற்பாடு பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயரை மாற்றினார்கள். மாற்றியது நல்லதுதான். டீசிங் என்றால் ஏதோ விளையாட்டுக் கேலி மாதிரி அல்லவா இருக்கிறது? ரோடு, பஸ் நிறுத்தம், பஸ், படகு, கோயில், திருவிழா, கடற்கரை, சினிமா தியேட்டர் எல்லா இடத்துக்கும் இந்தச் சட்டம் செல்லும். பெண்ணுக்குப் பயமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்கும் ஆபாசமான நடத்தை எதுவானாலும் குற்றம். 1998-ல் வைத்த தண்டனை ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 2025 ஜனவரியில் தண்டனையைக் கடுமையாக்கிச் சட்டமன்றம் திருத்தம் கொண்டு வந்தது.

இது தவிர, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதில் பெண்ணின் மானத்துக்குப் பங்கம் வரும்படி தொடுவது, பிடித்து இழுப்பது 74-வது பிரிவு. பாலியல் தொல்லை 75, பின்தொடர்வது 78, ஆபாசமாகப் பேசுவது, சைகை காட்டுவது 79. நம்பரை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தப் பிரிவு என்று பார்ப்பது போலீஸின் வேலை. என்ன நடந்தது என்று சரியாகச் சொல்வதுதான் நம் வேலை.

பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அது போக்சோ சட்டத்தில் வரும். அப்போது சொல்லலாமா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது. தெரிந்தவர்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் யூனிபாரத்தில் வரக் கூடாது, பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 1098-க்குக் கூப்பிட்டால் குழந்தைகள் உதவி மையத்தில் இருந்து ஆள் வருவார்கள்.

வயதுக்கு வந்த பெண் என்றால் புகார் கொடுப்பதா இல்லையா என்பது அவள் முடிவு. குழு அவளைப் பிடித்துத் தள்ளவும் கூடாது, பிடித்து நிறுத்தவும் கூடாது.

மனு எழுதும்போது

பெரும்பாலும் ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில் யாரிடமாவது மனு எழுதுகிறோம். அவர் "தகாத முறையில் நடந்துகொண்டு தொல்லை கொடுத்தார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். நமக்கும் கூச்சம், அத்தோடு விட்டுவிடுகிறோம். அங்கேதான் வழக்கு பலவீனமாகிறது. கை வைத்தானா, பேசினானா, எந்த இடத்தில் கை வைத்தான், எத்தனை தடவை என்பதைப் பொறுத்துத்தான் பிரிவு மாறும். சொல்லக் கூசும் வார்த்தையாக இருந்தாலும் அவன் சொன்னபடியே எழுத வேண்டும். கூச்சப்பட வேண்டியவன் அவன்தான். ஒரு மாதிரி கீழே கொடுத்திருக்கிறோம்:

அனுப்புநர்: பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, போன் எண்.
பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், ______ காவல் நிலையம்.

ஐயா / அம்மா,
நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். கடந்த ______ தேதி ______ கிழமை காலை சுமார் ______ மணிக்கு ______ நிறுத்தத்தில் இருந்து ______ செல்லும் பஸ்ஸில் (வண்டி எண் ______) ஏறினேன். பஸ் ______ நிறுத்தத்தைத் தாண்டியதும், எனக்குப் பின்னால் நின்ற சுமார் ______ வயதுள்ள, ______ நிறச் சட்டை அணிந்த நபர் என்னுடைய ______-இல் கை வைத்தார். நான் விலகி நின்ற பிறகும் மறுபடியும் அதையே செய்தார். நான் சத்தம் போட்டபோது "______" என்று கூறினார். பக்கத்தில் இருந்த ______, ______ ஆகியோர் பார்த்தார்கள். இதே நபர் ______, ______ ஆகிய தேதிகளிலும் இவ்வாறு செய்துள்ளார். அவர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
கையெழுத்து, தேதி.

பெயர் தெரியாவிட்டாலும் மனு கொடுக்கலாம். ஆளைக் கண்டுபிடிப்பது போலீஸ் வேலை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"அது எங்க எல்லையில்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று சொல்வது பழைய கதை. ஓடுகிற பஸ்ஸில் நடந்ததற்கு எல்லை எங்கே பார்ப்பது? எந்த ஸ்டேஷனிலும் வழக்குப் பதிய வேண்டும், அதன் பிறகு அவர்களே உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிக்கொள்வார்கள் என்று இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நமக்கு ஆறுமுகநேரி ஸ்டேஷன் பக்கம், திருச்செந்தூரில் மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. இந்த மாதிரிப் புகாரைப் பெண் போலீஸ்தான் எழுதி வாங்க வேண்டும். ஆண் போலீஸிடம் நின்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. மனு வாங்கியதற்கு அடையாளம் சி.எஸ்.ஆர். வழக்குப் பதிந்ததற்கு அடையாளம் எஃப்.ஐ.ஆர். சி.எஸ்.ஆரைக் கையில் வாங்கிக்கொண்டு கேஸ் போட்டாச்சு என்று நிம்மதியாக வந்துவிடுகிறவர்கள் அதிகம். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் நமக்குக் கொடுக்க வேண்டும். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபாலில் மனுவை அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று நினைக்க வேண்டாம். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கும் பேசலாம்.

வழக்குப் பதிந்ததும் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். 74 முதல் 79 வரை உள்ள குற்றங்களில் இதைச் செய்தாக வேண்டும். மனசில் எல்லாம் பச்சையாக இருக்கும்போதே நீதிபதி முன்னால் சொல்லிவிட்டால், பின்னால் யாராவது வந்து மிரட்டி மாற்றச் சொல்வது கொஞ்சம் குறையும். தென்காசிக் கதை மறுபடி நடக்காமல் இருக்க இது ஒரு பிடி.

குழு என்ன செய்யலாம்?

ஆள் வைத்து அடிப்பது வேண்டவே வேண்டாம். அடித்தால் அவன் முந்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துக் கேஸ் கொடுப்பான். நம்ம வீட்டு ஆம்பளைகள் உள்ளே இருப்பார்கள், பிள்ளைக்கு நடந்தது பின்னுக்குப் போய்விடும். ஊர்க்கூட்டம் போட்டு மன்னிப்புக் கேட்க வைத்து, கொஞ்சம் பணத்தை வாங்கிக் கொடுத்து முடிப்பதும் நடக்கிறது. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கூட்டத்தில் பிள்ளையை யாராவது உட்கார வைத்துக் கேட்கிறார்களா?

கூடப் போவதுதான் குழு செய்யக் கூடிய பெரிய வேலை. ஸ்டேஷனுக்கு இரண்டு பேர், கோர்ட் வாய்தாவுக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி. ஒரு நாள் கூலி போகும் என்றால் குழு நிதியில் பஸ் செலவாவது கொடுக்கலாம். தீர்மானத்தில் "உறுப்பினர் நலன்" என்று எழுதினால் போதும். அடுத்தது, பார்த்தால் வாயைத் திறப்பது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஒரு ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்டது. பஸ்ஸிலும் ரயிலிலும் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். போலீஸிடம் உதவி கேட்டவர்கள் 4 சதவீதம்தான். நம்ம பக்கம் எண்ணிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்குமா என்ன? பஸ்ஸில் ஒரு பிள்ளை நெளிந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் "எம்மா, இங்கன வா, எம் பக்கத்துல நில்லு" என்று கூப்பிட்டால் போதும். அவனுக்கும் புரிந்துவிடும். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். பார்த்ததை ஸ்டேஷனில் சொல்லத் தயாராக இருந்தால் அந்தப் பிள்ளையிடம் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

உப்பளத்திலோ கம்பெனியிலோ வேலை செய்யும் இடத்தில் மேஸ்திரி, சூப்பர்வைசர் தொல்லை கொடுத்தால் அதற்கு 2013-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடமாக இருந்தாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் மூன்று மாதத்துக்குள் மனு கொடுக்கலாம். அதைப் பற்றித் தனியாக ஒரு இதழில் எழுதுகிறோம், அது பெரிய விஷயம்.

அந்தத் தாயும் மகளும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். மகளே உட்கார்ந்து ஐந்து தேதிகளை ஒரு தாளில் எழுதினாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அம்மாவும் எங்களில் இரண்டு பேரும் அவளோடு போய் மனு கொடுத்தோம். எஃப்.ஐ.ஆர். நகல் இன்னும் கைக்கு வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். அப்பாவிடம் அம்மாவே சொல்லிவிட்டார். இரண்டு நாள் பேசாமல் இருந்தவர், மூன்றாம் நாள் மகளைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்து நின்றாராம். பிள்ளை காலேஜுக்குப் போகிறாள். அதே பஸ்ஸில்தான்.

உடனடி உதவிக்கு 112. பெண்கள் உதவி எண் 181, இரவும் பகலும் எடுப்பார்கள். இந்த இரண்டையும் மகள், மருமகள் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள். மேலே உள்ள மனு மாதிரியை ஜெராக்ஸ் எடுத்துக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். குழுவுக்கு ஐந்து வீதம் ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்ளவும்.